தாங்குதிறன் பயிற்சி ஆய்வில் இறங்குவது எப்படி: பெங்களூருவில் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூருவில் உடலியங்கியலிலோ இயன்முறை மருத்துவத்திலோ உடற்கல்வியிலோ முதுநிலை படிக்கும் தமிழ் மாணவர்கள், நெடுந்தூர ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் போன்ற தாங்குதிறன் விளையாட்டுகளை ஆராய வேண்டும் என்று வரும்போது, பெரும்பாலும் முதலில் கேட்பது கருவியைப் பற்றித்தான். மூச்சுக்காற்றை அளக்கும் இயந்திரம் எந்தக் கல்லூரியில் இருக்கிறது, அதைத் தொட யார் அனுமதிப்பார்கள், அது இல்லாமல் முனைவர் பட்டம் முடிக்க முடியுமா என்று கேட்பார்கள். கருவி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் ஒருவருக்கு இருபது ஆண்டுக் காலம் வேலை கொடுத்த கேள்விகள் பலவும், விளையாட்டு வீரர்கள் தங்கள் அன்றாடப் பயிற்சியை எழுதிவைத்த குறிப்பேடுகளிலிருந்து பிறந்தவை. ஆகவே இந்த வழிகாட்டி குறிப்பேட்டில் தொடங்குகிறது. இயந்திரம் பிறகு வருகிறது.

பட்டப்படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடலியங்கியலில் எம்.எஸ்சி. அல்லது எம்.டி., இயன்முறை மருத்துவத்தில் எம்.பி.டி., உடற்கல்வியில் எம்.பி.எட். ஆகிய எதிலிருந்தும் இத்துறைக்கு வரலாம். மேலக்கோட்டையூரிலுள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டு நிறுவனம், கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் துறை ஆகியவை பலர் போன பாதைகள். மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறையில் கருவியும் ஆய்வு ஒழுங்கும் இருக்கும், ஓட்டக்காரர்கள் இருக்க மாட்டார்கள். உடற்கல்வித் துறையில் ஓட்டக்காரர்கள் இருப்பார்கள், இரத்தத் துளியைக் கையாளத் தெரிந்தவர்கள் குறைவாக இருப்பார்கள். எனவே வழிகாட்டியை ஒரு பக்கத்திலும் இணை வழிகாட்டியை மறுபக்கத்திலும் தேடிக்கொள்வது நல்லது. புள்ளியியலை மட்டும் பிறரிடம் ஒப்படைக்காதீர்கள். ‘ஆர்’ என்னும் இலவச மென்பொருளில் உங்கள் தரவை நீங்களே வரைந்து பார்க்கும் அளவுக்காவது முதலாண்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஓர் ஆய்வாளரின் பணியை ஆண்டு வரிசையில் படியுங்கள்

பாடநூலைப் படிப்பதற்கும் ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை ஆண்டு வரிசையில் படிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பாடநூல் முடிவுகளைத் தரும். அந்த முடிவுக்குப் பிறகு ஆய்வாளருக்கு எது புரியாமல் இருந்தது, அடுத்த கட்டுரையில் ஏன் வேறு கருவியை எடுத்தார் என்பதை வரிசைதான் காட்டும்.

பின்னணிக்கு இரண்டு செய்திகளைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். 1923-இல் இங்கிலாந்தில் ஏ. வி. ஹில்லும் ஹார்ட்லி லப்டனும், ஓடுபவர் வெளிவிடும் காற்றைப் பையில் பிடித்து அளந்து, ஆக்சிஜன் நுகர்வுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கருத்தை நிலைநிறுத்தினார்கள். 1967-இல் அமெரிக்காவில் ஜான் ஹோலோசி, ட்ரெட்மில்லில் ஓடப் பழக்கிய எலிகளின் தசையில், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகளின் செயல்திறன் ஏறத்தாழ இருமடங்கானதைக் காட்டினார். முதலாவது இதயமும் நுரையீரலும் சேர்ந்து தரும் வரம்பைப் பற்றியது. இரண்டாவது தசைக்குள் நிகழும் மாற்றத்தைப் பற்றியது. ஒருவர் எவ்வளவு நேரம், எவ்வளவு கடுமையாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இவ்விரண்டும் நேரடியாக விடை சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நீங்கள் படிக்க வேண்டிய பணி நடந்தது.

எடுத்துக்காட்டாக ஸ்டீபன் சைலரைச் சொல்வேன். அமெரிக்காவில் படித்து 1990-களில் நார்வேக்குக் குடிபெயர்ந்து, ஆக்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றுபவர். நார்வேக்கு வந்த புதிதில், காட்டுப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த பனிச்சறுக்கு வீராங்கனை ஒருவர் மேடு வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடக்கத் தொடங்கியதைக் கண்டு வியந்ததாக அவரே பொது உரைகளில் சொல்லியிருக்கிறார். உச்ச நிலையில் இருக்கும் ஒருவர் ஏன் மேட்டில் தன்னை வருத்திக்கொள்ளவில்லை என்ற வியப்பு, அளக்கத்தக்க கேள்வியாக மாறிய விதத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

2004-இல் பிஸ்கர்ஸ்ட்ராண்டுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, 1970 முதல் 2001 வரையிலான நார்வே நாட்டுப் படகோட்டப் பதக்க வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தது. ஆண்டுக்கு 924 மணி நேரமாக இருந்த மொத்தப் பயிற்சி 1128 மணி நேரமாகக் கூடியிருந்தது. குறைந்த தீவிரத்தில் செய்த பயிற்சி மாதத்துக்கு 30 மணியிலிருந்து 50 மணிக்கு உயர்ந்திருந்தது. போட்டி வேகத்திலும் அதற்கு மேலும் செய்த பயிற்சியோ 23 மணியிலிருந்து 7 மணிக்கு இறங்கியிருந்தது. இதற்கு வேண்டியிருந்தவை வினாத்தாளும் பழைய சோதனைப் பதிவுகளுமே. 2006-இல் கெர்லாண்டுடன் செய்த ஆய்வில், இளம் பனிச்சறுக்கு வீரர்கள் 12 பேரின் பயிற்சி அமர்வுகளை இதயத் துடிப்பாலும், வீரர்கள் தாமே தந்த கடுமை மதிப்பெண்ணாலும், சில அமர்வுகளில் லாக்டேட்டாலும் (தசை கடுமையாக உழைக்கும்போது இரத்தத்தில் கூடும் பொருள்) அளந்தார்கள். அமர்வுகளில் நான்கில் மூன்று பங்கு, லாக்டேட் ஏறத் தொடங்கும் முதல் எல்லைக்குக் கீழே இருந்தன. நடு மண்டலத்தில் மிகச் சிலவே இருந்தன. எஞ்சியவை, லாக்டேட் வேகமாகக் குவியத் தொடங்கும் இரண்டாம் எல்லைக்கு மேலே இருந்தன.

இதுவரை நடந்தது வருணனை. ஏன் அப்படி என்பது அடுத்த கேள்வி. 2007-இல் வந்த ஆய்வு, பயிற்சிக்குப் பின் தன்னியக்க நரம்பு மண்டலம் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதை இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு பார்த்தது. நன்கு பயின்றவர்களுக்கு முதல் எல்லைக்குக் கீழே இரண்டு மணி நேரம் ஓடினாலும் மீட்சி விரைவாகவே இருந்தது. எல்லையைத் தாண்டியதும் தாமதமானது. 2013-இல் பொழுதுபோக்கு மிதிவண்டியாளர்களைக் குழுக்களாகப் பிரித்து, 4 நிமிடம், 8 நிமிடம், 16 நிமிடம் என்ற மூன்று வகை இடைவெளிப் பயிற்சிகளை (கடும் முயற்சியும் ஓய்வும் மாறிமாறி வருபவை) நான்கு நான்கு முறை செய்யவைத்து ஒப்பிட்டபோது, சற்றே வேகத்தைக் குறைத்து 8 நிமிடம் நீட்டித்தவர்கள் அதிகம் முன்னேறினார்கள். வருணனை, காரணம், சோதனை என்ற இந்த வரிசை பத்தாண்டு எடுத்துக்கொண்டது. நம் மாணவர்கள் பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள். ‘எட்டு வாரப் பயிற்சியின் விளைவு’ என்று தலைப்பிட்ட ஆய்வேடுகள் நூலகத்தில் அடுக்கியிருப்பதற்கும், அவற்றைப் பயிற்சியாளர்கள் யாரும் புரட்டாமல் இருப்பதற்கும் அதுவே காரணம் என்பது என் கருத்து.

இந்த நான்கு கட்டுரைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். எதை அளந்தார்கள், எதை அளக்காமல் விட்டார்கள், ஆட்களை எப்படித் தேர்ந்தார்கள், முடிவு யாருக்குப் பொருந்தாது என்ற நான்கும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு எதிர்த்தரப்பையும் படியுங்கள். 2022-இல் ஒரே ஆய்விதழில், பெரும்பகுதி மெதுவாக, சிறுபகுதி கடுமையாக, நடுவில் மிகக் குறைவாக என்ற இந்தப் பயிற்சிப் பகிர்வே சிறந்தது என்று பாஸ்டர், சைலர் உள்ளிட்டோரும், சிறந்ததல்ல என்று பர்ன்லி, பியர்டன், ஜோன்ஸ் மூவரும் எதிரெதிராக எழுதியிருக்கிறார்கள். ஒரே தரவை இரு தரப்பும் எப்படி வேறாகக் கணக்கிடுகிறார்கள் என்பதைக் கவனித்தாலே உங்கள் ஆய்வுக்கு ஒரு கேள்வி கிடைக்கும்.

மைதானத்தில் நின்று பாருங்கள்

பெங்களூருவில் இதற்கு வசதி அதிகம். ஞானபாரதி வளாகத்தில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் தென் மையம் இருக்கிறது. கண்டீரவா விளையாட்டரங்கின் செயற்கைத் தடத்தில் காலை வேளையில் பல குழுக்கள் ஓடுகின்றன. அல்சூர் ஏரிப் பக்கம் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் மையம் இருப்பதால், தமிழ் பேசும் இராணுவ ஓட்டக்காரர்களும் இந்நகரில் உண்டு; அவர்களை ஆய்வில் சேர்க்க இராணுவத்தின் தனி அனுமதி வேண்டும் என்பதால், முதல் ஆய்வுக்கு அவர்களைத் தேர்வது புத்திசாலித்தனமன்று. 2008 முதல் நடக்கும் பத்துக் கிலோமீட்டர் ஓட்டப் போட்டியைச் சுற்றி உருவான பொழுதுபோக்கு ஓட்டக் குழுக்களில், மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரியும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். கைக்கடிகாரத்தில் பல ஆண்டுத் தரவைச் சேர்த்து வைத்திருக்கும் இவர்கள், கேட்டால் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

பயிற்சியாளரை அணுகும்போது கேள்வித்தாளோடு போகாதீர்கள். “சார், சில வாரம் வந்து பார்க்கலாமா? நேரத்தைக் குறித்துத் தருகிறேன்” என்று கேட்டுப் பாருங்கள், நிறுத்துக்கடிகாரம் பிடிக்கவும் சுற்று எண்ணவும் ஆள் கிடைத்தால் வேண்டாமென்று சொல்பவர் அரிது. மூத்த வீரர்களை மற்றவர்கள் அண்ணா, அக்கா என்று அழைத்தால் நீங்களும் அப்படியே அழையுங்கள். ஆனால் பயிற்சியாளர் முன்னிலையில் வீரரிடம் அவரது பயிற்சியைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்லாதீர்கள். பார்ப்பவர் என்ற நிலையை விட்டு அறிவுரை சொல்பவராக மாறியவுடன், உங்களுக்குச் சொல்லப்படும் பதில்கள் மாறிவிடும்.

இந்தக் கட்டத்தில் தேட வேண்டியது பழைய நோட்டுப்புத்தகங்கள். 2017-இல் நார்வேயின் பனிச்சறுக்கு வீராங்கனை மாரிட் பியோர்கனின் 17 ஆண்டுப் பயிற்சிப் பதிவை மட்டுமே கொண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. 8105 மணி நேரம், 7642 பயிற்சி அமர்வுகள் அதில் அடக்கம். ஒரே ஒருவரின் குறிப்பேடு எப்படி ஆய்வாகும் என்று கேட்பவர்களுக்கு அதைக் காட்டலாம். 2017-இலேயே புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற புதுக்கோட்டை லட்சுமணன் போன்ற ஒருவர், பள்ளிப் பருவத்திலிருந்து தேசிய நிலைக்கு வந்த ஆண்டுகளில் என்னென்ன செய்தார் என்பது நம் மண்ணுக்கு எந்த வெளிநாட்டுச் சராசரியைவிடவும் பயனுள்ள தகவல். மாவட்ட, மாநில அளவில் ஓடி ஓய்ந்த எத்தனையோ பேர் வீட்டுப் பரணில் அத்தகைய நோட்டுகளைப் போட்டு வைத்திருப்பார்கள். தூரமும் நேரமும் மட்டுமே எழுதியிருந்தாலும் போதும். வேகம் அதிலிருந்து கிடைத்துவிடும்.

குறிப்பேட்டில் எதை எழுதவைப்பது

புதிதாகத் தரவு சேர்க்கும்போது, வீரர் நாள்தோறும் ஒரு நிமிடத்துக்குள் எழுதி முடிக்கக்கூடியதை மட்டும் கேளுங்கள். பயிற்சி வகை, மொத்த நிமிடம், அந்த அமர்வு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், முந்தைய இரவு தூங்கிய நேரம், உடல்நலக் குறைவு இருந்தால் அதைப் பற்றி ஒரு வரி. கடினத்தின் மதிப்பெண்ணை நிமிடத்தால் பெருக்கி அமர்வின் சுமையைக் கணக்கிடும் முறை கார்ல் பாஸ்டருடையது. 60 நிமிட மெதுவோட்டத்துக்கு 3 என்றால் சுமை 180. அதே 60 நிமிடத்தில் இடைவெளிப் பயிற்சி செய்து 7 என்றால் 420. மதிப்பெண்ணை ஓடி முடித்த உடனே கேட்கக் கூடாது. கடைசிச் சுற்றின் மூச்சுத்திணறல் மொத்த அமர்வின் மதிப்பீட்டையும் ஏற்றிவிடும் என்பதால், ஏறத்தாழ அரை மணி நேரம் கழித்துக் கேட்பது வழக்கம். மற்றவர் காதில் விழும்படி கேட்கவும் கூடாது; முன்னால் நிற்பவர் 5 என்று சொன்ன பிறகு 8 என்று சொல்ல இளம் வீரர்கள் கூச்சப்படுவார்கள்.

தீவிர மண்டலங்களை மூன்றாகப் பிரிப்பது போதுமானது. முதல் எல்லைக்குக் கீழே தடையின்றிப் பேசிக்கொண்டே ஓடலாம். இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் துண்டு துண்டாகவே பேச முடியும். இரண்டாம் எல்லைக்கு மேலே ஓரிரு சொல்லுக்கு மேல் வராது. ஆய்வுக்கூடத்தில் இவை பொதுவாக லிட்டருக்கு 2, 4 மில்லிமோல் லாக்டேட்டை ஒட்டி இருக்கும் என்பார்கள். ஆனால் ஆளுக்கு ஆள் மாறுபடும் என்பதால் அந்த எண்களை எல்லோருக்கும் அப்படியே பொருத்தாதீர்கள். வயதை 220-இலிருந்து கழித்து உச்ச இதயத் துடிப்பைக் கணக்கிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தனி ஒருவருக்கு அது பத்துத் துடிப்புக்கு மேல் தவறலாம், அப்படித் தவறினால் அவரது மண்டலங்கள் அத்தனையும் தவறிவிடும்.

அமர்வை எண்ணுவதா, நிமிடத்தை எண்ணுவதா என்ற கேள்வியில் பலர் சறுக்குகிறார்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 60 நிமிடம் ஓடும் ஒருவர், அதில் ஒரு நாள் மட்டும் 8 நிமிடக் கடும் ஓட்டத்தை நான்கு முறை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமர்வுக் கணக்கில் அவரது கடும் பயிற்சி ஐந்தில் ஒன்று, அதாவது 20 விழுக்காடு. நிமிடக் கணக்கில் 300-க்கு 32, அதாவது 11 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒரே வாரம், இரண்டு விடைகள். பரவலாகப் பேசப்படும், மெதுவானது 80-க்குக் கடுமையானது 20 என்ற பகிர்வு அமர்வுக் கணக்கில் வந்தது. அதை நிமிடக் கணக்காக எடுத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மணி நேரம் கடும் வேகத்தில் ஓடுபவர்களை நம் குழுக்களில் நிறையப் பார்க்கலாம். உங்கள் கட்டுரையின் முறையியல் பகுதியில் எந்தக் கணக்கு என்பதை முதல் வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஆய்வுக்கூடம்

குறிப்பேட்டுத் தரவு சில மாதம் சேர்ந்த பிறகு ஆய்வுக்கூடத்துக்குப் போங்கள். அப்போது எதை அளக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மண்டல எல்லைகளைக் காண, ட்ரெட்மில்லில் படிப்படியாக வேகத்தைக் கூட்டும் சோதனை போதும். லாக்டேட் அளப்பதானால் ஒவ்வொரு படியும் குறைந்தது 3 நிமிடமாவது, இயன்றால் 5 நிமிடம், இருக்கட்டும். அதைவிடக் குறுகிய படிகளில் இரத்தத்திலுள்ள அளவு தசையில் நடப்பதை எட்டிப்பிடிக்காது. உச்ச ஆக்சிஜன் நுகர்வை அளப்பதானால் மாறாகச் சோதனை 8 முதல் 12 நிமிடத்துக்குள் முடியும்படி வேகத்தை ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் முடித்துவிட முயன்றால் இரண்டுமே அரைகுறையாகும். வெளியில் ஓடும்போது எதிர்கொள்ளும் காற்றின் தடையை ஈடுகட்ட ட்ரெட்மில்லை 1 விழுக்காடு மேல்நோக்கிச் சாய்த்து வைப்பது வழக்கம். பட்டையின் வேகத்தைத் திரையில் தெரியும் எண்ணை நம்பி எழுதாதீர்கள். பட்டையின் நீளத்தை அளந்து, அதில் ஒரு நாடா ஒட்டி, ஒருவர் மேலே ஓடும்போதே ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணிச் சரிபாருங்கள்.

விரல்நுனியிலோ காதுமடலிலோ இரத்தம் எடுக்கும்போது வியர்வையை நன்றாகத் துடைத்து, முதல் துளியைத் தள்ளிவிட்டு இரண்டாம் துளியை எடுக்க வேண்டும். வியர்வையிலேயே லாக்டேட் உண்டு என்பதால் ஒரு சொட்டு கலந்தாலும் அளவு எகிறிவிடும்; காற்றோட்டம் குறைந்த அறைகளில் ஏப்ரல், மே மாதங்களில் இது மெய்யான தொல்லை. சோதனைக்கு முந்தைய நாள் உணவையும் பயிற்சியையும் கேட்டு எழுதுங்கள். வெறும் வயிற்றோடு, முந்தைய நாள் நீண்ட ஓட்டத்தில் தசையில் சேமித்த மாவுச்சத்தான கிளைக்கோஜன் தீர்ந்துபோன நிலையில் வருபவருக்கு லாக்டேட் குறைவாகவே காட்டும். அதைப் பயிற்சியால் வந்த முன்னேற்றம் என்று எண்ணிவிடலாகாது. கையுறை, ஊசிக் கழிவுக்கான பெட்டி, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்றும் இல்லாமல் யாரையும் குத்தக் கூடாது.

பெங்களூருவுக்கே உரிய ஒரு கவனம் உண்டு. நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்துக்குப் பதிலாக 680 முதல் 690 வரைதான் இருக்கும். மூச்சுக்காற்றின் கனஅளவைப் பொது நிலைக்கு மாற்றும் கணக்கில் இந்த எண் நேரடியாக நுழைகிறது. இயந்திரத்தில் யாரோ 760 என்று போட்டு அப்படியே விட்டிருந்தால், உங்கள் ஓட்டக்காரர்கள் எல்லோரும் பத்து விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலான ஆக்சிஜன் நுகர்வோடு உலக வீரர்களைப்போலத் தோன்றுவார்கள். ஒவ்வொரு நாளும் காற்றழுத்தமானியைப் பார்த்துக் குறியுங்கள். அளவு தெரிந்த வாயுக்கலவையாலும் 3 லிட்டர் ஊசிக்குழலாலும் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் சரிபாருங்கள். நன்கு பயின்ற வீரர்களின் உச்ச நுகர்வு 600 மீட்டரை ஒட்டிய உயரத்திலேயே சற்றுக் குறையத் தொடங்குகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருப்பதால், சென்னையில் அளந்த எண்களோடு பெங்களூரு எண்களை அருகருகே வைத்து ஒப்பிடும் ஆசையும் வேண்டாம்.

எந்தப் பயிற்சியையும் ஆராய்வதற்கு முன்பு, சிலரை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை அதே நேரத்தில் சோதித்து, எந்தப் பயிற்சி மாற்றமும் இல்லாமலே எண்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று பாருங்கள். அந்த ஆட்டத்தைவிடச் சிறிய முன்னேற்றத்தைக் கண்டுபிடித்ததாக உங்களால் சொல்ல முடியாது. இந்த எளிய வேலையைச் செய்துவிட்டாலே, நேர்முகத் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை கையில் இருக்கும்.

அனுமதியும் பதிவும்

மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வுக்கும் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை முழுதாகப் படித்துவிடுங்கள். ஒப்புதல் படிவம் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதால், இந்நகரில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் என்று குறைந்தது மூன்று வடிவங்கள் தேவைப்படும். பதினெட்டு வயது நிரம்பாத வீரர்களானால் பெற்றோர் ஒப்புதலோடு அவர்களது சொந்த இசைவும் வேண்டும். பயிற்சியாளர் தலையசைத்தது ஒப்புதல் ஆகாது. அணியில் இடம் போய்விடுமோ என்ற அச்சத்தில் கையெழுத்திட்டவரின் இசைவும் அப்படியே. பயிற்சியாளர் இல்லாத இடத்தில் கேட்பதும், மறுத்தவர் யார் என்பதை அவருக்குச் சொல்லாமலிருப்பதும் உங்கள் பொறுப்பு. பயிற்சியை மாற்றிக் கொடுத்து விளைவைப் பார்க்கும் ஆய்வை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முதல் நபரைச் சேர்க்கும் முன்பே பதிந்துவிட வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே பின்தேதியில் பதிய இயலாது, பதிவெண் இல்லாத கட்டுரைகளை நல்ல ஆய்விதழ்கள் பல திருப்பி அனுப்பிவிடுகின்றன.

மாற்றிப் பார்க்கும் ஆய்வு

இவ்வளவுக்கும் பிறகே பயிற்சியை மாற்றிக் கொடுக்கும் ஆய்வுக்கு வாருங்கள். 2007-இல் ஸ்பெயினில் எஸ்தேவே-லானாவோ குழுவினர் செய்தது நல்ல முன்மாதிரி. உள்ளூர் அளவில் சிறந்த ஓட்டக்காரர்கள் 12 பேரை இரண்டாகப் பிரித்து, ஐந்து மாதம் மொத்தச் சுமையைச் சமமாக வைத்து, முதல் மண்டலத்தின் பங்கை ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 80 விழுக்காடாகவும் மற்றதற்கு 67 விழுக்காடாகவும் வைத்தார்கள். கடும் மண்டலத்தின் பங்கு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. மெதுவாக அதிகம் ஓடிய குழு 10.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் கூடுதலாக முன்னேறியது. பன்னிரண்டு பேர் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் சுமையைச் சமப்படுத்தியதும், வீரர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதை நாள்தோறும் இதயத் துடிப்பால் கண்காணித்ததும், பந்தய நேரத்தையே விளைவாக எடுத்ததும் அதன் பலம். நம் ஆய்வேடுகளில் கொடுத்த திட்டம் அச்சாகியிருக்கும். செய்தது என்ன என்பது இருக்காது. மெதுவாக ஓடச் சொன்ன நாளில் நண்பரோடு போட்டிபோட்டு ஓடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதைக் கண்டுபிடிக்கவே முன்பு சொன்ன குறிப்பேடு.

ஆய்வுக் காலத்தைத் தேர்வதில் இந்நகரின் மழையையும் பந்தயங்களையும் கணக்கிலெடுங்கள். நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடித்தால் மழைத் தொல்லை குறைவு. ஏப்ரலில் பந்தயம் ஓடுபவர்களுக்கு உங்கள் இறுதிச் சோதனை அவர்களது தயாரிப்போடு பொருந்தியும் வரும். பெண்களைச் சேர்க்க முயலுங்கள். இத்துறையின் பழைய ஆய்வுகள் பெரும்பாலும் ஆண்களை மட்டுமே கொண்டவை. மாதவிடாய்ச் சுழற்சி தரவைக் குழப்பும் என்று சொல்லி அவர்களை விலக்குவதைவிட, சுழற்சியின் நாளைக் குறித்துக்கொண்டு சேர்ப்பதே அறிவியல். இதற்குக் குழுவில் ஒரு பெண் ஆய்வாளர் இருப்பது அவசியம். கேட்பவர் அக்காவாக இருந்தால் சொல்லப்படும் செய்திகள் அண்ணனிடம் சொல்லப்படாது.

கட்டுரை எழுதும்போது குழுச் சராசரியோடு நிறுத்தாமல் ஒவ்வொருவரின் கோட்டையும் படத்தில் வரைந்து காட்டுங்கள். முன்னேறாதவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். தூக்கம், வேலைப்பளு, காய்ச்சல் என்று குறிப்பேட்டில் ஏதாவது அகப்படும். தரவு சேர்த்ததோடு ஆய்வை வடிவமைப்பதிலும் எழுதுவதிலும் பங்கெடுத்த பயிற்சியாளருக்கு ஆசிரியர் வரிசையில் இடம் தர வேண்டும்; நேரம் மட்டும் குறித்துத் தந்தவருக்கு நன்றியுரை போதும். இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பேசிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இராது.

வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு எழுதும்போது, மதிப்பெண் பட்டியலோடு, ஒரே ஆட்களை இருமுறை சோதித்துப் பார்த்த உங்கள் நம்பகத்தன்மைச் சோதனையின் வரைபடம் ஒன்றையும் குறிப்பேட்டுத் தரவின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் இணையுங்கள். சோதனைக்கு வந்தவர்களுக்கு அவரவர் முடிவை ஒரே தாளில், அவரவர் மொழியில், ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். அதில் உச்ச ஆக்சிஜன் நுகர்வின் எண்ணைவிட, எந்த இதயத் துடிப்பு வரை மெதுவோட்டம், எதற்கு மேல் கடும் ஓட்டம் என்ற இரண்டு எண்கள் பெரிய எழுத்தில் இருக்கட்டும். தாளைப் பயிற்சியாளரிடம் காட்டுவதா வேண்டாமா என்பதை வீரரே முடிவுசெய்வார்.